நான் பாதி வாசித்த செய்தி

1

இரண்டு நாடுகளில் வாக்குப் போட்டிருக்கிறேன். இரண்டிலும் என் முதல் வாக்கு தேர்தலில் விழவில்லை, சர்வஜன வாக்கெடுப்பில்தான் விழுந்தது. எண்பத்திரண்டில், பத்தொன்பது வயதில், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வரிசையில் நின்றேன். தேர்தல் வைக்காமலே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டலாமா என்று கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். நான் குடத்துக்குப் போட்டேன். எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லாரும் குடம்தான். நாடு முழுக்க எண்ணியபோது விளக்கு வென்றது.

தொண்ணூற்றைந்தில், கனடியக் குடியுரிமைப் பத்திரம் கைக்கு வந்து மை காய்வதற்குள், நான் இருக்கும் பிரெஞ்சு மாகாணமான கியூபெக் கனடாவை விட்டுத் தனியாகப் போகலாமா என்று கேட்டார்கள். அதற்கும் இல்லை என்றேன். அந்த முறை இல்லை வென்றது, மயிரிழையில். ஆக, யாராவது என்னிடம் பெரிய கேள்வியாகக் கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழகிய ஆள் நான். என் மனைவியைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள்.

இப்போது மறுபடியும் வாக்கெடுப்புப் பேச்சு. வரும் என்கிறார்கள், வராது என்கிறார்கள், வந்தால் எப்போது என்று ஆளுக்கொரு காலம் சொல்கிறார்கள். ஊரிலிருக்கும் நண்பர்கள் தொலைபேசியில், "உங்கட நாடு உடையப்போகுதாமே" என்று விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். நாடு உடையுமா என்பது எனக்குத் தெரியாது. ஒரு வீடு விற்கப்பட்டது தெரியும். அதில் என் பங்கு என்ன என்பதும் தெரியும். தெரிந்ததை எழுதுகிறேன்.

2

மொன்றியலின் மேற்குப் புறத்தில் பியர்பொன்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கிறேன். பாடசாலைப் பேருந்து ஓட்டுகிறேன், மஞ்சள் பேருந்து. அறுபது தாண்டியவனுக்கு மோசமில்லாத வேலை. காலையில் இரண்டரை மணித்தியாலம், பின்னேரம் இரண்டரை மணித்தியாலம், நடுவில் ஒரு குட்டித் தூக்கம். பிள்ளைகள் ஏறும்போது "பொன்ஜூர் மிஸ்யூ" என்பார்கள். இறங்கும்போது ஒன்றும் சொல்லமாட்டார்கள். பனிக்காலத்தில் எஞ்சின் சூடேற இருபது நிமிடம் விடவேண்டும். அந்த இருபது நிமிடத்தில்தான் நான் செய்தி வாசிப்பாளன் ஆகிறேன்.

இது கொரோனாக் காலத்தில் தொடங்கியது. மரண வீடுகளுக்குப் போக முடியாது. இணையத்தில் வரும் மரண அறிவித்தல்களை வாசிக்கக் கண் தெரியாத வயதானவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். சரஸ்வதி அக்கா ஒருநாள் கேட்டார்: "தம்பி, ஆர் ஆர் போயிட்டினம் எண்டு ஒருக்கா வாசிச்சு அனுப்பிவிடன்." கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்து அவருக்கு அனுப்பினேன். அவர் தன் சிநேகிதிகளுக்கு அனுப்பினார். இரண்டு மாதத்தில் அது ஒரு குழுவாகி, இன்றைக்கு முந்நூறு பேருக்குக் கிட்ட நிற்கிறது.

பிறந்த இடம், வாழ்ந்த இடம், யாருடைய அன்புக் கணவர், யாருடைய பாசமிகு மாமியார், எந்த மண்டபம், எத்தனை மணி, வாகனத்தை எங்கே நிறுத்தலாம். எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் வாசிப்பேன். பிறகு அன்றைய காலநிலை. பிறகு, இருபது நிமிடத்தில் மிச்சம் இருந்தால், நாட்டுச் செய்தி. எனக்குப் பிரெஞ்சு பேருந்து ஓட்டும் அளவுக்குத்தான் வரும். எனவே ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்து நாலு செய்தியைத் தமிழில் சொல்வேன்.

என்னைப் பற்றி நானே சொல்லக்கூடாதுதான், ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு சாவையும் நான் பிழையாக வாசித்ததில்லை. ஒருமுறை ஒரே பெயரில் இரண்டு பேர், ஒரே ஊர். மூன்று வீடுகளுக்கு அழைத்து உறுதிப்படுத்திய பிறகுதான் வாசித்தேன். உயிரோடு இருக்கும் மனுசனைச் சாகடித்துவிட்டால் பிறகு கோயிலில் யார் முகத்தில் விழிப்பது? அந்த நம்பிக்கைதான் என் முதல். மரணத்தைச் சரியாகச் சொல்கிறவன் மற்றதையும் சரியாகத்தானே சொல்வான் என்று முந்நூறு பேரும் நம்பினார்கள். நானும் அப்படியே நம்பினேன் என்பதுதான் கேடு. ஒரு சாவுக்கு மூன்று வீடு அழைத்த நான், அரசியல் செய்தி ஒன்றுக்கு ஒரு வீட்டையும் அழைத்ததில்லை.

3

செய்தி கேட்கத் தெரியாத ஆட்கள் இல்லை நாங்கள். சொல்லப்போனால் உலகத்திலேயே நன்றாகச் செய்தி கேட்கத் தெரிந்தவர்கள் என்று எங்களைச் சொல்வேன். தொண்ணூறில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை. வானொலிக்குப் போடப் பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலியைப் பாடவைப்போம். எங்கள் ஒழுங்கையில் சுற்றுகிறவன் நான். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, வேலையும் இல்லை, கைக்குப் பலம் மட்டும் இருந்தது. என் கை தளர்ந்தால் வாசிப்பவரின் குரலும் தேய்ந்துபோகும். உடனே சுற்றி நிற்பவர்கள் என்னைப் பேசுவார்கள்.

செய்தி முடிந்தவுடன் கணக்குத் தொடங்கும். அரசாங்க வானொலி எங்கள் பக்கத்தில் நூறு பேர் என்றால் வகுப்போம். தங்கள் பக்கத்தில் பத்துப் பேர் என்றால் பெருக்குவோம். எங்கள் பக்க வானொலிக்கும் ஒரு கழிவு உண்டு, அதை வெளியே சொல்லமாட்டோம். வெளிநாட்டு வானொலிக்குக் கழிவு கொஞ்சம் குறைவு. இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. முதலில் "ஆர் சொல்லுறான்?" என்று கேட்பது, அதற்குப் பிறகுதான் "என்ன சொல்லுறான்?" என்பது, சோறு தின்னுவதுபோல் பழக்கமாகிவிட்டது.

அப்படிப்பட்டவர்கள்தான் இங்கே என் குரலை வகுக்காமலும் பெருக்காமலும் கேட்டார்கள். சொல்கிறவன் எங்கட பொடியன். அதற்குப் பிறகு என்ன கணக்கு?

4

மாசி மாதம், நல்ல குளிர். பேருந்தின் ஹீற்றர் அன்று மக்கர் பண்ணியது. மரண அறிவித்தல் ஒன்று வாசித்தேன். காலநிலை சொன்னேன். மிச்சம் ஐந்து நிமிடம். ஆங்கிலப் பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தேன். வாக்கெடுப்பு வந்தால் மேற்குப் புறத்து வீடுகளின் விலை சரியும் என்று வீட்டு முகவர்கள் பயப்படுகிறார்கள் என்பது தலைப்பு. இரண்டு பந்தி படிக்கலாம். அதற்குக் கீழே எழுத்துகள் மங்கி, சந்தா கட்டினால் மிச்சத்தைக் காட்டுவேன் என்றது. நான் சந்தா கட்டுவதில்லை. பேப்பருக்குக் காசு கட்டி வாசிப்பதா என்ற யாழ்ப்பாணத்துக் குணம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

தலைப்பையும் இரண்டு பந்தியையும் தமிழில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வழக்கம்போல் ஒரு முத்தாய்ப்பு வைக்க ஆசை வந்தது. "தொண்ணூற்றைஞ்சில பட்டது எங்களுக்கு ஞாபகம் இருக்கு. வயசு போன ஆக்கள் கடைசி நேரத்தில ஓடித் திரியேலாது. யோசிக்கிறவை இப்பவே யோசிக்கிறது நல்லது" என்று முடித்தேன்.

எழுத்தில் என்றால் மேற்கோள் குறி போட்டுப் பத்திரிகையின் வரியைப் பிரித்துக் காட்டலாம். குரலில் வேலி கிடையாது. பத்திரிகை எங்கே முடிந்தது, நான் எங்கே தொடங்கினேன் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? எல்லாம் அதே குரல், மண்டபத்துக்கு எந்த வாசலால் போகவேண்டும் என்று சற்று முன்னர் சொன்ன குரல்.

நாற்பது பேருக்கு மேல் கும்பிடும் கைப்படம் போட்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பேருந்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

5

சித்திரையில் பனி உருகி, புற்கள் பழுப்பாகத் தெரியத் தொடங்கிய நேரம். ஒரு பிள்ளை வீடு மாறியதால் என் பேருந்தின் பாதையும் மாறியது. புதிய பாதை சரஸ்வதி அக்காவின் தெருவால் போனது. முதல் நாளே கண்டேன். அக்காவின் வீட்டு முன்றலில் முகவரின் படம் போட்ட பலகை. அதன் மேலே குறுக்காக, விற்றாகிவிட்டது என்று பிரெஞ்சில் ஒரு சிவப்புப் பட்டி.

அக்காவையும் அவருடைய கணவர் குணரத்தினம் அண்ணையையும் பற்றிச் சொல்லவேண்டும். நான் தொண்ணூற்றொன்றில் வந்து இறங்கியபோது என்னைத் தங்கள் இரண்டறை வீட்டில் வைத்திருந்தவர்கள் அவர்கள். அண்ணை நகரத்தில் பிரெஞ்சு உணவகம் ஒன்றில் முப்பது வருடம் சமையல் செய்தவர். எங்கள் ஆட்களில் அவரளவுக்குப் பிரெஞ்சு பேசுகிறவரை நான் காணவில்லை. இப்போது அவருக்கு ஞாபகம் பிசகுகிறது. மனைவியின் பெயர் சில நாளில் வராது. ஆனால் ஒவ்வொரு காலையும் ஒன்பது மணிக்கு, தெரு முனையிலிருக்கும், இங்கே டெப்பனர் என்று சொல்லும் சின்னக் கடைக்குத் தனியாக நடந்துபோய், பிரெஞ்சுப் பத்திரிகை வாங்கிக்கொண்டு தனியாகத் திரும்பி வருவார். இடப்பக்கம் திரும்பினால் கடைக்கார லெபனான்காரர் வெளியே வந்து வலப்பக்கம் திருப்பிவிடுவார். அந்த முந்நூறு அடித் தெருவில் அண்ணை இன்னும் பழைய அண்ணைதான். வேறு தெருவில் விட்டால் அவ்வளவும் போய்விடும் என்று அவரைப் பார்க்க வரும் தாதி சொல்லியிருந்தார். இது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பின்னேரம் வேலை முடிந்து போனேன். அக்கா தேத்தண்ணி ஊற்றினார்.

"பலகையைக் கண்டனான் அக்கா."

"ஓம் தம்பி. முந்தநாள்தான் அந்தச் சிவப்பை ஒட்டினவை."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

அக்கா என்னை வியப்பாகப் பார்த்தார். "உனக்கு என்னத்தைச் சொல்லுறது? நீதானே சொன்னனி."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அக்காவே விளக்கினார். "இப்பவே யோசிக்கிறது நல்லது எண்டாய். நான் சட்டியை அடுப்பில வைச்சிட்டு அப்பிடியே நிண்டு கேட்டனான். பேந்து ரெண்டு தரம் திருப்பிப் போட்டுக் கேட்டன். அடுத்த கிழமை ஏஜென்ரைக் கூப்பிட்டம். மகன்ர வீட்டுக் கீழ்மாடி சும்மாதானே கிடக்கு."

மகன் இருப்பது ஒன்ராறியோவில், ஆங்கிலம் பேசும் பக்கத்து மாகாணத்தில். காரில் ஆறு மணித்தியாலம்.

உள்ளே கதிரையில் இருந்த அண்ணை பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அங்கையும் பிரெஞ்சுப் பேப்பர் வருமோ?" என்று கேட்டார்.

6

வீட்டுக்குத் திரும்பும்போது அதே அண்ணையைத் தொண்ணூற்றைந்தின் அண்ணையாக நினைத்துக்கொண்டு வந்தேன். அப்போது அவர்கள் வீட்டில் இரண்டு தொலைக்காட்சிகள் இருந்தன. ஒன்று வாங்கியது, மற்றது யாரோ தெருவில் வைத்துவிட்டுப் போனது. வாக்கெடுப்புக்கு முந்திய நாட்களில் அண்ணை இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றில் ஆங்கில அலைவரிசை, மற்றதில் பிரெஞ்சு அலைவரிசை போட்டுப் பார்ப்பார். நகர நடுவில் பெரிய கூட்டம் கூடியது. கனடா முழுவதிலிருந்தும் வந்து, போகாதீர்கள் என்று கெஞ்சிய கூட்டம். ஆங்கிலத்தில் அதைக் காட்டியவர்கள் கண் கலங்கினார்கள். பிரெஞ்சில் பேசியவர்களோ, இவ்வளவு பேரையும் பஸ்ஸிலும் விமானத்திலும் கொண்டுவந்தது யார் என்று கேட்டார்கள். கூட்டம் ஒன்றுதான், கொடியும் ஒன்றுதான்.

"எது அண்ணை உண்மை?" என்று கேட்டேன்.

"ரெண்டும் நடந்ததுதான். நீ ஒரு பெட்டியை மட்டும் பார்த்தால் மற்றவனுக்கு விசர் எண்டு நினைப்பாய்" என்றார்.

முடிவு வந்த பிறகு, தோற்ற தரப்பின் தலைவர் மேடையில் நின்று, எங்களைப் போன்ற வந்தேறிகளின் வாக்கையும் ஒரு காரணமாகச் சொன்னார். ஆங்கில அலைவரிசை அதைத் திரும்பத் திரும்பப் போட்டது. நான் பயந்துவிட்டேன். இந்த நாட்டிலிருந்தும் மூட்டை கட்டவேண்டுமோ என்று நினைத்தேன். அண்ணைதான் மற்றப் பெட்டியைக் காட்டினார். "இஞ்ச பார், அவையின்ர ஆக்களே அவரைப் பிடிச்சு ஏசுகினம். அவர் சொன்னது பிழை எண்டு சொல்லுகினம்." எனக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை. அண்ணை சொன்னதைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. மேடையில் கேட்ட அந்த ஒரு வசனத்தை மாத்திரம் முப்பது வருடமாக மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். மாசி மாதம் குளிரில் நான் வைத்த முத்தாய்ப்பு அங்கிருந்துதான் வந்தது.

7

என் மகள் துளசி பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. நகரத்தில் தனியாக இருக்கிறாள். இரண்டு மொழிப் பத்திரிகைகளுக்கும் சந்தா கட்டுகிறவள், என் குணம் இல்லை. அவளைத் தொலைபேசியில் அழைத்து அந்தச் செய்தியின் மிச்சத்தை வாசிக்கச் சொன்னேன்.

தேடி எடுத்து வாசித்தாள். தமிழில் சொல்லு என்றேன். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம், அகப்படாத இடத்தில் பிரெஞ்சு. பயப்பட்ட முகவர்கள் இரண்டே இரண்டு பேர். அடுத்த பந்தியில் வேறு முகவர்கள், தங்களிடம் அப்படி ஒருவரும் பதறி வரவில்லை என்கிறார்கள். பொருளியல் படிப்பிக்கும் ஒருவர், வீட்டு விலையை வாக்கெடுப்பைவிட வட்டி வீதம்தான் தீர்மானிக்கும் என்கிறார். கடைசிப் பந்தியில், முதியோருக்கு ஆலோசனை சொல்லும் ஒரு பெண்மணி பேசுகிறார்.

"என்ன சொல்லுறா?"

"தலைப்பைப் பார்த்துப்போட்டு அவசரப்பட்டு ஒருத்தரும் வீட்டை விற்க வேண்டாமாம் அப்பா."

பிறகு நடந்ததைச் சொன்னேன். துளசி சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு அண்ணையிடம்தான் போய் இருப்பாள். பிரெஞ்சு வீட்டுப்பாடம் அவர்தான் சொல்லிக்கொடுப்பார்.

"அப்பா, ஒண்டு கேட்கலாமா? ஓம் எண்டு போடப்போற ஒரு ஆளையாவது நீங்கள் உங்கட செய்தியில கதைக்க விட்டிருக்கிறீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஒருவரையும் இல்லை.

"என்ர வகுப்பில அரைவாசிப் பிள்ளையளின்ர வீடு அப்பிடித்தான். நல்ல சனங்கள் அப்பா. எனக்கு லாசாஞ்ஞா சமைச்சுக் கொண்டுவந்து தருகினம்."

"நீ எப்பிடிப் போடுவாய்?"

"நான் இன்னும் முடிவெடுக்கேல்லை."

ஓம் என்று போடுவேன் என்று சொல்லியிருந்தாலும் இவ்வளவு குத்தியிராது. என் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது யோசித்துத் தீர்க்கவேண்டிய கேள்வியாக இருக்கிறது. எனக்கு அது ஒரு நாளும் கேள்வியாக இருந்ததில்லை. அன்று எனக்குக் கோபமும் வந்தது, பொறாமையும் வந்தது. எதை முதலில் எழுதவேண்டும் என்று தெரியவில்லை.

8

மறுநாள் காலை திருத்தம் வாசித்தேன். முழுச் செய்தியையும் பந்தி பந்தியாக, எது பத்திரிகை எது நான் என்று பிரித்து, நாலரை நிமிடம் வாசித்தேன். முந்திய செய்தியில் பாதியைத்தான் சொன்னேன், மன்னிக்கவேண்டும் என்றேன். அன்று மரண அறிவித்தல் எதுவும் இருக்கவில்லை.

கும்பிடும் கை ஐந்து வந்தது. ஒரு அம்மா, "தம்பி, இண்டைக்கு ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டிருந்தார். செத்தவர்களைத்தான் கேட்கிறார். இல்லை அம்மா என்று எழுதினேன். "சந்தோசம்" என்று பதில் வந்தது. திருத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பெரிய பத்திரிகைகள் முதல் பக்கத்தில் பிழைவிட்டு உள்பக்க மூலையில் திருத்தம் போடுவதைப் பார்த்து நான் எத்தனை தரம் சிரித்திருக்கிறேன். எனக்கு உள்பக்கம்கூட இல்லை. போட்டது அதே இடம், அதே நேரம், அதே குரல். இருந்தும் பயத்தைக் கேட்ட காது ஆறுதலைக் கேட்க வரவில்லை.

9

சனிக்கிழமை காலை மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். கைத்தொலைபேசியை மேசையில் வைத்து அந்த நாலரை நிமிடத்தையும் போட்டுக் காட்டினேன். அக்கா கடைசி வரை கேட்டார்.

"வடிவாய் வாசிச்சிருக்கிறாய்."

"அக்கா, வித்ததைத் திருப்பேலாதோ? ஏஜென்ரோட நான் கதைக்கட்டோ?"

"கேட்டனான் தம்பி. ரெண்டு பக்கமும் கையெழுத்து வைச்சாச்சு. ஆனியில நொத்தாரிஸிட்டப் போய் உறுதி எழுதுறது மட்டும்தான் மிச்சம். வாங்கினவைக்கும் பிள்ளையள் இருக்கு. அதுகளைப் பள்ளிக்கூடத்திலயும் பதிஞ்சிட்டினமாம்."

"நான் பாதியைத்தான் வாசிச்சனான் அக்கா. கடைசியில விற்க வேண்டாம் எண்டுதான் இருந்தது. இப்பவே யோசிக்கிறது நல்லது எண்ட வசனம் என்ர. பேப்பரில அது இல்லை."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பேப்பரில என்ன இருந்தது எண்டது எனக்குத் தேவையில்லையடா. பேப்பரில எப்பவும் ஏதோ ஒண்டு இருக்கும். அண்டைக்கு உன்ர குரல் நடுங்கினது. இவ்வளவு சாவு வாசிச்சிருக்கிறாய், ஒரு நாளும் நடுங்கினதில்லை. நான் அந்த நடுக்கத்தைத்தான் கேட்டனான். இவனே பயப்பிடுறான் எண்டால் எண்டு நினைச்சன்."

அன்று ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று மேலே எழுதினேன். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிர். அன்று நான் குளிருக்கு நடுங்கினேனா, பயத்துக்கு நடுங்கினேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். நடுங்கத்தான் செய்கிறது. தொண்ணூற்றைஞ்சு என்று சொல்லும் இடத்தில்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் நான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்ட இடங்கள் மிகக் குறைவு. "விடு தம்பி. மகனும் வா வா எண்டு எத்தினை வருசமாய்க் கேட்கிறான்" என்றார். எனக்காகச் சொன்னார் என்பது இருவருக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே அண்ணை கையில் பத்திரிகையோடு வந்துகொண்டிருந்தார். வாசற்படியில் நின்று சப்பாத்தைத் துடைத்து, சரியான கொளுக்கியில் தொப்பியை மாட்டி, என்னைப் பார்த்து, "ஆர் இவர்?" என்று அக்காவிடம் கேட்டார்.

புறப்படும்போது அக்கா ஒரு வேலை தந்தார். "நாங்கள் போறம் எண்டு குழுவில ஒருக்காச் சொல்லிவிடு. ஒவ்வொருத்தராய்க் கூப்பிட்டுச் சொல்ல என்னால ஏலாது."

10

திங்கட்கிழமை காலை அதை வாசித்தேன். ஞாயிறு முழுவதும் எழுதி, வெட்டி, மனைவியிடம் வாசித்துக் காட்டித் தயார் செய்தது. குணரத்தினம் அண்ணையும் சரஸ்வதி அக்காவும் ஆனி மாதம் ஒன்ராறியோவுக்குப் போகிறார்கள் என்றேன். ஏன் போகிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. நான் ஒரு செய்தியைப் பாதி வாசித்தேன், அதில் இல்லாத ஒரு வசனத்தை என் பாட்டில் சேர்த்தேன், அதைக் கேட்டு அவர்கள் வீட்டை விற்றார்கள், அந்தச் செய்தியின் கடைசி வரி அவசரப்பட்டு விற்கவேண்டாம் என்பதுதான் என்றேன். இது முழுக்க என் பிழை என்றேன். இனிமேல் முழுதாகப் படிக்காத எதையும் வாசிக்கமாட்டேன், ஓம் என்பவர்களின் கதையையும் இல்லை என்பவர்களின் கதையையும் சரிசமமாக வாசிப்பேன், நான் சொல்வதையும் நீங்கள் ஊரில் வானொலி கேட்டமாதிரிக் கழித்துக் கேளுங்கள் என்றேன். ஹீற்றர் நன்றாக வேலை செய்தது. குரல் நடுங்கவில்லை.

இம்முறை எல்லாரும் கேட்டார்கள். பதில்கள் வந்து குவிந்தன. அக்கா குடும்பம் நல்லாயிருக்கவேண்டும் என்றார்கள். பிழையை ஒத்துக்கொள்ள ஒரு மனசு வேணும் தம்பி என்றார் ஒருவர். எனக்குக் கண் கலங்கியது. பேருந்தில் பிள்ளைகள் ஏறிய பிறகு நான் தொலைபேசியைத் தொடுவதில்லை. எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட பிறகுதான் மிச்சத்தைப் பார்த்தேன்.

பக்கத்து ஊரான கர்க்லாண்டில் இருக்கும் சிவபாதம் மாஸ்டர் குரலில் பதில் அனுப்பியிருந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். எண்பதைத் தொட்டவர், மனைவி இல்லை, சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். நிதானமான குரல்.

"தம்பி, வடிவாய்ச் சொன்னீர். எல்லாம் விளங்குது. ஆனால் சரஸ்வதியே வித்துப்போட்டுப் போறா எண்டால் அதில ஏதோ விசயம் இருக்கத்தான் வேணும். அவ யோசிக்காமல் ஒண்டும் செய்யிற ஆள் இல்லை. அந்த ஏஜென்ரின்ர நம்பரை ஒருக்கா எனக்குத் தனிய அனுப்பிவிடும்."

அதற்குக் கீழே ஏழு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர், தங்களுக்கும் அனுப்பும்படி எழுதியிருந்தார்கள்.

பதில் பதியப் பொத்தானை அழுத்திவிட்டு, பிறகு விரலை எடுத்துவிட்டேன். பேருந்தைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அன்றைய தூக்கத்தையும் விட்டுவிட்டு, என் காரை எடுத்துக்கொண்டு கர்க்லாண்டுக்குப் போனேன். மணியை அடித்து வெகுநேரம் கழித்துத்தான் மாஸ்டர் கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நல்ல பிள்ளை. நம்பரைக் கையோட கொண்டந்திட்டீரோ?" என்றார்.